பந்தி நேரத்தில் பாட்டுப் போட்டவர்

"டீச்சர், பந்தி நடக்கும்போது உங்களுக்காக ஒரு பாட்டு போடணும்னா எதைப் போடலாம்?"

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாற்றலாகித் திருவண்ணாமலையில் நம் பள்ளிக்கு நான் வந்த முதல் வாரத்தில், தரணேந்திரன் சார் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் விடைத்தாளிலிருந்து கிழித்த ஒரு பாதித் தாள் இருந்தது. அதில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பெயர்கள். யாருக்கோ பிரிவு உபசார விழா. விடைபெறுகிறவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

"எனக்குப் பாட்டெல்லாம் அவ்வளவா தெரியாதுங்க சார்" என்றேன்.

"தெரிய வேணாம் டீச்சர். பிடிச்சிருந்தா போதும்."

யோசித்து ஒன்றைச் சொன்னேன். கல்லூரி நாட்களில் காலை வானொலியில் அடிக்கடி வரும் பாட்டு. ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் பாடும். அவர் எழுதிக்கொண்டார், ஆனால் நகரவில்லை. "யார்கூட கேட்டீங்க?" என்றார். எங்கள் அக்காவோடு என்றேன். அக்கா எனக்குத் தலை பின்னுவாள், அந்தப் பாட்டு முடிவதற்குள் பின்னி முடிக்காவிட்டால் பஸ் போய்விடும். அவர் சிரித்துக்கொண்டே பாட்டுக்குப் பக்கத்தில் "அக்கா, ஜடை, பஸ்" என்று மூன்று சொற்களை எழுதினார்.

அவர் போய்விட்டார் என்ற செய்தி சென்ற மாதம் ஒரு காலை நேரத்தில் வந்தது. பாலை அடுப்பில் வைத்திருந்தேன். ஏழுமலை சார் அழைத்தார். நம் உடற்பயிற்சி ஆசிரியர், நாம் எல்லோரும் பி.டி. சார் என்று கூப்பிடுகிறவர்.

"டீச்சர், நின்னுட்டு இருக்கீங்களா, உக்காந்துட்டு இருக்கீங்களா?"

"என்ன சார் காலங்காத்தால?"

"மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"நம்ம தரணி சார் போயிட்டாருங்க. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுனு சொல்லியிருக்காரு. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சாம்."

மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனை இந்தக் கோடியிலிருந்து நிறுத்தும் குரல் பி.டி. சாருடையது. அன்று அதைக் கேட்கக் கைப்பேசியைக் காதோடு அழுத்த வேண்டியிருந்தது. நான் அடுப்பை அணைக்க மறந்துபோனேன். பால் பொங்கி வழிந்து தானாகவே அடுப்பு அணைந்தது.

அப்போது என் சாப்பாட்டு மேசையில் ஒரு பாட்டுப் பட்டியல் கிடந்தது. ஒன்பது நாள் கழித்து, ஓய்வுபெற்ற நாம் பதினான்கு பேரும் என் வீட்டில் கூடிச் சாப்பிடுவதாக ஏற்பாடு. பதினான்கு பெயர்கள் எழுதியிருந்தேன். பதின்மூன்று பாட்டுகள் வந்துவிட்டன. வராதது அவருடைய பாட்டு மட்டும்தான்.

அவரைப் பற்றி, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தரணேந்திரன் சார் சமூக அறிவியல் ஆசிரியர். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சமணக் குடும்பம். பரம்பரை பரம்பரையாக அங்கே நெல்லும் மணிலாக் கடலையும் பயிரிட்டவர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அவர் அதைக் கடைசிவரை கடைப்பிடித்தார். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

நம் விழாக்கள் எப்படி நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கடைசி மணி அடித்த பிறகு மேசை நாற்காலி போடத் தொடங்குவோம். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, மறுபடியும் வாழ்த்துரை. இலை போடும்போது மணி ஏழாகிவிடும். "எல்லாரும் சாப்பிடற நேரத்துல எனக்கு வேலை இல்ல. பாட்டாவது போடறேனே" என்று எப்போதோ ஒரு முறை சொன்னாராம். அதுமுதல் பாட்டு அவர் பொறுப்பானது. டேப் ரெக்கார்டர் காலத்தில் தொடங்கி, சிடி, பென் டிரைவ் என்று மாறி, கடைசியில் கைப்பேசியும் ஒரு சின்ன ஸ்பீக்கருமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்தான் போட்டார். "சார், நீங்க சாப்பிட்டாச்சா?" என்று யாராவது கேட்டால், "நான் வீட்லயே முடிச்சுட்டேன்" என்பார். அதற்கு மேல் நாம் கேட்டதில்லை. பாட்டுப் பைத்தியம் என்று நமக்குள் ஒரு பேர் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம்.

ஒரு மாலை நேரப் பந்திக்காக அவர் ஒரு வாரம் உழைப்பார். சாம்பார் சாதம் போகும்போது சோகப் பாட்டு கூடாது. ரசம் வரும்போது மெதுவான பாட்டு வேண்டும், இல்லாவிட்டால் அவசரமாகக் குடித்துப் புரையேறும். பாயசத்துக்குத் தலைமையாசிரியர் பாட்டு; அப்போதுதான் அவர் எழுந்து போகாமல் இருப்பார். பி.டி. சாருக்கு எப்போதும் குத்துப் பாட்டுதான் வேண்டும். "ஏழுமலை, உங்க பாட்டைப் போட்டா அப்பளம் எல்லாம் தானா நொறுங்கிடுது" என்பார். "அப்போ பல்லு இல்லாதவங்களுக்கு நல்லதுதானே சார்" என்று பி.டி. சார் திருப்பிக் கொடுப்பார்.

நான் கணக்கு ஆசிரியை. உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. ஒரு முறை அவரிடம் சொன்னேன்: "சார், பத்துப் பாட்டை வரிசைப்படுத்த எத்தனை வழி இருக்கு தெரியுமா? முப்பத்தாறு லட்சத்துக்கு மேல. நீங்க உக்காந்து யோசிக்கறது வீண்."

அவர் பாதித் தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "ஜாஸ்தி இருக்கட்டும் டீச்சர். எனக்கு ஒண்ணு போதும்."

என் கணவர் இறந்த ஆண்டு நான் எந்த விழாவுக்கும் நிற்கவில்லை. மணி அடித்ததும் கிளம்பிவிடுவேன். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். சொல்லாமல் விட்டவர் அவர் மட்டும்தான். ஒரு நாள் மதியம் பணியாளர் அறையில் ஒரு துண்டுச் சீட்டை என் நோட்டுக் கட்டின் மேல் வைத்தார். இரண்டு பாட்டுகளின் முதல் அடிகள் அதில் இருந்தன.

"மொதல் பாட்டைக் கேளுங்க டீச்சர். அழுகை வந்துச்சுனா ரெண்டாவதைக் கேளுங்க."

"ரெண்டாவதைக் கேட்டும் அழுகை வந்தா?"

"ஏழுமலை பாட்டைக் கேளுங்க. வேற வழியில்ல."

அத்தனை மாதங்களில் அன்றுதான் முதல்முறை சிரித்தேன். வீட்டுக்கு வந்து முதல் பாட்டைக் கேட்டேன். அழுகை வந்தது. இரண்டாவதைக் கேட்கவில்லை, முதல் பாட்டையே மறுபடி கேட்டேன். மறுநாள் அவரிடம் அதைச் சொன்னபோது, "அதுவும் சரிதான்" என்றார். இப்போதும் எனக்கு அந்த இரண்டாவது பாட்டு எப்படி இருக்கும் என்று தெரியாது. சீட்டு இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது, சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும் விஷயம்.

அவருடைய பணி நிறைவு விழா நினைவிருக்கிறதா? அன்று ஒரு நாளாவது அவர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விழாவை மதியம் மூன்று மணிக்கு வைத்தோம். சிறப்பு விருந்தினராக வேங்கிக்கால் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் வந்தபோது மணி நாலரை. பேசி முடித்தபோது ஐந்தரைக்கு மேல். அவசர அவசரமாக இலை போட்டோம். தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் தரணேந்திரன் சாருக்கு ஓர் இலை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அதே நேரம் முற்றத்தில் வெயில் போய்விட்டது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"அய்யய்யோ, பொழுது போயிடுச்சே" என்று யாரோ சொன்னார்கள். தலைமையாசிரியர், "இன்னைக்கு ஒரு நாள் சாப்பிடுங்க சார், சாமி கோச்சுக்காது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அவர் வழக்கத்தை நாம மதிக்கணும் சார். கட்டாயப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் இலையை நானே எடுத்து மடித்தேன். அவர் ஒரு கணம் நின்றார். "பரவாயில்ல டீச்சர்" என்றார். பிறகு போய் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டார். தன் பணி நிறைவு விருந்துக்குத் தானே பாட்டுப் போட்டார். அவரை மதித்துவிட்ட திருப்தியில் நான் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

பிறகு நானும் ஓய்வு பெற்றேன். மகள் வெளிநாட்டில். வேங்கிக்காலில் நானும் கணவரும் ஆசையாகக் கட்டிய வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். சில நாட்களில் காய்கறிக்காரரிடம் பேசியதைத் தவிர வேறு பேச்சு இருக்காது. அப்படி ஒரு நாளில்தான் உங்களையெல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம் என்று தோன்றியது. முதலில் அவரைத்தான் அழைத்தேன்.

"சாயங்காலம் நாலரைக்கே பந்தி சார். நீங்க உக்காந்து சாப்பிடணும்."

"அவ்வளவு சீக்கிரம் வேணாம் டீச்சர். அஞ்சரைக்குக்கூட வெக்கலாம். உங்க வேங்கிக்கால்ல மலை தள்ளி நிக்குது, மேற்கை மறைக்காது. ஸ்கூல்லதான் முக்கா மணி நேரம் முன்னாடியே மறைச்சுடும்."

சாதாரணமாகத்தான் சொன்னார்.

"சார், அப்போ உங்க ஃபேர்வெல் அன்னைக்கு?"

"அதை விடுங்க டீச்சர்."

"டைம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார்.

"ஏன் சார் சொல்லல?"

"நீங்க எனக்காகத்தானே இலையை எடுத்தீங்க? அத்தனை பேர் முன்னாடி அதை எப்படி தப்புனு சொல்றது?"

முப்பது ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்கு உயரங்களும் தூரங்களும் நடத்தியவள் நான். ஏற்றக்கோணத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் நான் கொடுத்த உதாரணம் நம் மலைதான். ஜன்னல் வழியாகக் காட்டி, "இங்கே நிற்கிறாய், உச்சி அங்கே இருக்கிறது, கோணம் என்ன?" என்று கேட்பேன். மலைக்குக் கிழக்கே இருக்கிறவர்களுக்குச் சூரியன் முன்னதாக மறையும், அது பொழுது சாய்வது ஆகாது என்பது அதே கணக்கு. ஒரு மாணவி கேட்டிருந்தால் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பேன். பசியோடு பக்கத்தில் நின்ற மனிதருக்கு மட்டும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அதனால்தான் இந்த விருந்து எனக்கு அவ்வளவு முக்கியமாகிப்போனது. ஒரே ஒரு முறை அவர் பந்தியில் உட்கார வேண்டும். வேறு யாராவது பாட்டுப் போட வேண்டும். "பாட்டு என் பொறுப்பு சார். உங்களுக்கு அன்னைக்கு லீவு" என்றேன்.

"அப்போ நான் என்ன பண்றது டீச்சர்?"

"உக்காந்து சாப்பிடுங்க."

"பழக்கமே இல்லையே" என்று சிரித்தார். பிறகு, "நடுவுல கை காலெல்லாம் எங்க வெச்சுக்கறதுனு தெரியாம முழிக்கப் போறேன்" என்றார்.

"உங்க பாட்டைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"ரெண்டு நாள் டைம் குடுங்க டீச்சர். இதுவரைக்கும் எனக்குனு யோசிச்சதில்ல."

தரணேந்திரன் சாருக்காக வெங்காயமும் பூண்டும் கிழங்கும் இல்லாமல் நான் பட்டியல் போட்டதைச் சமையல்காரர் பார்த்து, "என்ன டீச்சர், விருந்தா, கருமாதியா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் அவர் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் காலைதான் பி.டி. சார் அழைத்தார்.

நாம் எல்லோரும் அவர் கிராமத்துக்கு வேனில் போய் வந்தோம். நீங்கள் தின்பண்டக் கடைக்குப் பக்கத்தில் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் அவர் மனைவி பத்மாவதி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். சாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டேன்.

"பாட்டா? வீட்ல அவர் பாட்டு கேட்டு நான் பாத்ததே இல்லீங்க டீச்சர். டிவி சத்தம்கூட ஆகாது. பேப்பர் படிப்பாரு, தூங்குவாரு."

"எங்க ஃபங்ஷனுக்கெல்லாம் அவர்தான் பாட்டு போடுவார். நாங்க சாப்பிடும்போது."

"நீங்க சாப்பிடும்போதா? உங்ககூட சாப்பிடுவாருனு இல்ல நான் நெனச்சேன்?" அந்த அம்மா என்னையே பார்த்தார். "'வெளிச்சம் இருக்கும்போதே ஸ்கூல்ல எனக்குனு தனியா போட்டுட்டாங்க பத்மா, வயிறு நிறைஞ்சுடுச்சு'னு சொல்லித்தான் வந்து படுப்பாரு."

நம்மிடம் வீட்டில் முடித்துவிட்டேன் என்றார். வீட்டில் பள்ளியில் முடித்துவிட்டேன் என்றார். வகுப்பில் ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டால்கூட மறுநாள் வந்து திருத்துகிற மனிதர், தன் பசியைப் பற்றி மட்டும் இரண்டு பக்கமும் பொய் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு விழா நாளிலும் அவர் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறார். நான் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. "ஆமாங்க, தனியா போடுவோம்" என்றேன். அவருடைய பொய்யை நானும் எடுத்துக்கொண்டேன். இதை இங்கே எழுதுவதற்கு முன் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன். அவர் கோபப்படவில்லை. "அவர் அப்படித்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

விருந்தை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னதும், "சாப்பாடு இருக்கட்டும் டீச்சர், அவர் பேரைச் சொல்லி ஒரு தடவை வெளிச்சத்துல சாப்பிடுவோம்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனவே குறித்த நாளில் என் மொட்டை மாடியில் கூடினோம். ஐந்து மணிக்கு இலை போட்டோம். மேற்கே எதுவும் மறைக்கவில்லை. இலையில் வைத்த எல்லாவற்றின் மேலும் வெயில் விழுந்தது. நான் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றேன்.

அங்கே நின்று நீங்கள் பார்த்ததில்லை. நானும் அதற்குமுன் பார்த்ததில்லை. அங்கிருந்து தெரிவது முதுகுகள். சிரிப்புச் சத்தம் வரும். எதற்குச் சிரித்தார்கள் என்பது பாட்டுச் சத்தத்தில் கேட்காது. சாம்பார் வாளி போகும், வாசனை வரும், உங்களைக் கடந்து போய்விடும். கையில் வேலை இருப்பதால் யாரும் உங்களைப் பார்த்துப் பரிதாபப்படமாட்டார்கள். வேலை இருப்பதாலேயே யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். மூன்று பாட்டுகளுக்குள் எனக்கு என் வீட்டு மாடியே வேறு யாருடைய வீடோ போலாகிவிட்டது. அவர் இருபது ஆண்டுகள் நின்றிருக்கிறார்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். ஒவ்வொருவருடைய பாட்டு தொடங்கும்போதும், அந்த ஒருவர் மட்டும் கை இலையில் இருக்கத் தலையை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். மறுபடி குனிந்துவிடுவார். நீங்கள் பார்த்தது உங்களுக்கே தெரிந்திருக்காது. தரணேந்திரன் சாருக்குப் பாட்டு பிடித்திருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஐந்தாறு முறை அப்படி முகங்கள் திரும்பியதைப் பார்த்த பிறகு, அவர் ஏன் அந்தப் பாதித் தாளில் "அக்கா, ஜடை, பஸ்" என்றெல்லாம் எழுதிவைத்தார் என்பது மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

ஆறாவது பாட்டின் நடுவில் பி.டி. சார் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். ரசம்கூட வாங்கவில்லை.

"நகருங்க டீச்சர்."

"நீங்க சாப்பிடுங்க சார், நான் அப்புறமா..."

"அப்புறமா எல்லாம் வேணாம். வெளிச்சம் இருக்கு, போய் உக்காருங்க" என்றார். பிறகு, "குத்துப் பாட்டு போட மாட்டேன், பயப்படாதீங்க" என்றார்.

எனக்கு ஓர் இலை போட்டீர்கள். அவருக்கென்று மனத்தில் வைத்திருந்த இடம் அது. உட்கார்ந்து சாப்பிட்டேன். இடதும் வலதும் யாரோ ஒருவருடைய முழங்கை பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடி அவருக்குக் கிடைக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இனி என்றும் ஆறாதது.

தரணேந்திரன் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். யாராவது "நான் சாப்பிட்டாச்சு" என்றால், "எங்கே, எப்போது?" என்று இன்னும் ஒரு கேள்வி கேட்கிறேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. பரவாயில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். அடுத்த முறை ஒரு விருந்துக்குப் போனால், இலையில் உட்காரும் முன் அங்கே பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறவரிடம் போய், அவர் வேலையை இரண்டு பாட்டு நேரத்துக்கு வாங்கிக்கொண்டு, அவரை முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.